எலி கோபித்துக் கொண்டதா?



உங்கள் வீட்டில் வயர் இல்லாத மவுஸ் இருக்கிறதா? அப்படியானால் இந்தச் சண்டை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருக்கும். ஆன் செய்ததும், 'எது வேண்டும்?' என்று கேட்கும். 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில்கூட, விண்டோசுடன் நம் நாட்டு 'பாஸ்' லினக்சும் இருந்தது.

இப்போது சண்டைக்கு வருவோம். அண்ணன் விண்டோசில் ப்ளூடூத் மவுசை இணைத்து விளையாடிவிட்டுப் போகிறான். மாலையில் தங்கை லினக்சைத் திறக்கிறாள். மவுஸ் நகரவில்லை. புதிதாக இணைத்துப் படம் வரைகிறாள். மறுநாள் அண்ணன் வந்தால், விண்டோசில் மவுஸ் அசைய மறுக்கிறது.

"நீதானே கெடுத்தே!"

இல்லை. அவளும் கெடுக்கவில்லை, மவுசும் கெடவில்லை.

ப்ளூடூத் மவுசை முதல்முறை இணைக்கும்போது, கம்ப்யூட்டரும் மவுசும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக் கொள்கின்றன. ஆளுக்கு ஒரு பிரதி. அடுத்த முறை சாவி பொருந்தினால்தான் பேச்சே! கம்ப்யூட்டரில் உள்ள ப்ளூடூத் கருவிக்கு ஒரே ஒரு முகவரிதான். அதனால் விண்டோசும் லினக்சும் மவுசுக்கு ஒரே ஆளாகத்தான் தெரியும். தங்கை இணைத்தபோது புதுச் சாவி வந்தது. மவுஸ் பழையதை மறந்துவிட்டது. விண்டோசோ பழைய சாவியை வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறது.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பீர்கள். அம்மா ப்ளூடூத் கீபோர்டில் வங்கி பாஸ்வேர்டை அடிக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த எழுத்துகள் காற்றில்தானே போகின்றன? வேறு யாரும் ஒட்டுக் கேட்காமல் பூட்டி அனுப்புவது அந்தச் சாவிதான். கறாராக இருப்பதே நல்லது.

ஒரு வேடிக்கை. ப்ளூடூத் என்பது 10ம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசரின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால் அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இருவரைச் சேர்ப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது!

வழி என்ன? இரண்டு பக்கமும் ஒரே சாவியை வைத்துவிட வேண்டியதுதான். முதலில் லினக்சில் இணைக்க வேண்டும். பிறகு விண்டோசில் இணைக்க வேண்டும். கடைசியாக வந்த சாவிதான் மவுசுக்கு ஞாபகம் இருக்கும். அதை விண்டோசின் ரிஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்து, லினக்சில் அந்த மவுசுக்கு உரிய கோப்பில் எழுதிவிட்டால், இருவருக்கும் மவுஸ் தலையாட்டும். சாதாரண சாவி என்றால் 32 எழுத்து, எண்கள். புதிய ரக மவுஸ்களில் ஒன்றுக்கு மேல் சாவி இருக்கும். ரிஜிஸ்ட்ரியில் தப்பாகக் கை வைத்தால் விண்டோசே படுத்துவிடும். ஆகவே, கம்ப்யூட்டர் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

அடியில் 1, 2, 3 என்று மாற்றும் பட்டன் உள்ள மவுஸ் என்றால் இந்தப் பாடே வேண்டாம். விண்டோசுக்கு 1, லினக்சுக்கு 2 என்று இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு, குட்டி ரிசீவரோடு வரும் மவுசுக்குத்தான். யு.எஸ்.பி.யில் செருகுவோமே, அந்தக் குட்டித் துண்டு! மவுசுக்கும் அதற்கும் உள்ள ரகசியம் அவற்றுக்குள்ளேயே இருக்கும். எந்த இயங்குதளம் வந்தாலும் கவலையில்லை. விலையும் குறைவாகவே இருக்கும். ஒரே குறை, அது சட்டென்று தொலைந்து போகும்.

இன்று உங்கள் மவுசைத் திருப்பி, பாட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். சில மவுஸ்களில் ரிசீவரை அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்கள்.

அது சரி, தங்கையிடம், 'ஸாரி' சொல்லியாச்சா?

அன்புடன்,
ஆசிரியர்