ஆயத்துறையில் உட்கார்ந்திருப்பது யார்?

மாற்கு 2ஆம் அதிகாரம். கடலோரம் நடந்துபோகிற இயேசு, ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியைக் கூப்பிடுகிறார். அவன் எழுந்து போகிறான். பிறகு அவன் வீட்டில் விருந்து. இதைக் கோயிலில் நமக்கு எப்படிச் சொல்கிறார்கள்? 'ஒதுக்கப்பட்ட லேவியை அழைத்தார், உங்களையும் அழைத்தார்.' கேட்கக் குளிர்ச்சியாத்தான் இருக்கு. உள்ளே விஷமும் இருக்கிறது.

லேவியை ஊர் வெறுத்தது பிறப்புக்காக அல்ல, தொழிலுக்காக. ஆள்கிறவனுக்காகச் சொந்தச் சனத்திடம் வரி பிடுங்கினான். சாவடியை விட்டு எழுந்தால் அந்த இழிவு போயிரும். சேரியில் பிறந்தவன் எதைவிட்டு எழுந்து போவான்? லேவி பாவம் செய்தவன். நாம் பாவம் இழைக்கப்பட்டவர்கள். நோயாளிக்குத்தான் வைத்தியன் என்றால், சாதி நோய் பிடித்தவன் யார், நாமா?

முத்துக்குளித்துறைச் சனத்துக்கு ஆயக்காரனைத் தெரியாதா? வெள்ளையன் காலத்தில் தூத்துக்குடியில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று மூச்சடக்கி முங்கினவனுக்கு. 1961க்குப் பிறகு குளிப்பு நின்னுபோச்சு. பங்கு பிரிக்கிற அதிகாரம் நிற்கவில்லை. கோயில் கமிட்டி, சப்பரம், கல்லறை என்று அது உட்காருகிற இடம்தான் மாறியது. ஆகவே லேவி நம்ம ஆள் இல்லை. அந்த நாற்காலியில் இருப்பவனுக்குத்தான் அந்த அழைப்பு!

இன்னொன்று. பரிசேயருக்கு உறுத்தியது பந்தி. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதுதான் அவர்கள் கேள்வி. இங்கே ஒரே பீடத்தில் நன்மை வாங்குவார்கள், ஒரே இலை வரிசையில் சோறு தின்ன மாட்டார்கள். வடக்கன்குளத்தில் 1872இல் சாதிக்கொரு பக்கமாய்ச் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம். 1910இல் சுவரை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வெள்ளாளர் கோர்ட்டுக்கே போனார்கள். வேதம் மாறினாலும் சாதி மாறவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேணும்?

ஆனால் அரசாங்கத்துக்கு அந்தச் சாட்சி போதவில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துவை மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். 1985இல் செருப்புத் தைக்கும் சூசையின் வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே இழிவு தொடர்வதற்கு ஆதாரம் போதாது என்றது உச்ச நீதிமன்றம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2016இல் இந்திய ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை உண்டென ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டால் போதுமா? டில்லியிடம் நியாயம் கேட்பது சரி, அதில் நாமும் கூட நிற்போம். அதே வாயால் கல்லறைச் சாவி யாரிடம், கமிட்டியில் நம்ம ஆள் எத்தனை பேர், திருவிழா வரியை ஏன் நம்மிடம் வாங்குவதில்லை என்றும் கேட்போம். அடுத்த முறை இந்த வாசகம் வரும்போது பூசை முடிந்து கலைந்துபோகாதீர்கள், தோழர்களே. சாமியாரை நிறுத்திக் கேளுங்கள்: "சாமி, இங்க எழுந்திருக்க வேண்டியவன் யாரு?"