பழைய சின்ன யானை வாங்கலாமா?

நாமகிரிப்பேட்டைல வீடு, ராசிபுரத்துல வேலை. வீட்டு மஞ்சள் மூட்டை ஏத்த பழைய டாடா ஏஸ் ஒண்ணு வாங்கி ரெடி பண்ணலாம்னு யோசிக்கிறீங்களா? விலையை மட்டும் பார்க்காதீங்க.

2005-ல வந்த வண்டி, பழசு நிறைய கிடைக்கும். ஆனா அது மஞ்சள் போர்டு. 8 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். வண்டி சும்மா நின்னாலும் இன்சூரன்ஸ் கட்டணும்.

நாமக்கல் பக்கம் பாடி கட்டுற பட்டறைக்குப் பஞ்சமில்லை. பளபளப்புல மயங்காதீங்க. இன்ஜின், பிரேக், சேசிஸ் துரு முதல்ல, பெயிண்ட் கடைசி.

என் கருத்து இதுதான்: விலையும் ரிப்பேரும் சேர்த்து, ஓட்டப்போற வருஷத்தால வகுங்க. அதோட எஃப்.சி., இன்சூரன்ஸ், டீசலைக் கூட்டுங்க. நீங்க வருஷத்துக்குக் கொடுக்கிற வண்டி வாடகை அதைவிட அதிகமா இருந்தா வாங்குங்க, அதுவும் சேமிப்புல. குறைவா இருந்தா வாடகை வண்டியே லாபம். அதுக்காக பர்சனல் லோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.