மெட்ராஸ் போய் சென்னை வந்தாச்சு... ஏர்போர்ட் கோடு மட்டும் ஏன் இன்னும் 'எம்.ஏ.ஏ'?

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் அபார்ட்மென்ட் லிஃப்ட்களில் ஒரு காட்சி தவறாது. டல்லாஸிலிருந்தோ சிட்னியிலிருந்தோ கச்சேரி சீசனுக்கு வந்திறங்கிய மகள், பக்கத்தில் இரண்டு பெரிய பெட்டிகள், கைப்பிடியில் இன்னும் கிழிக்காத வெள்ளை டேக். அதில் கொட்டை எழுத்தில் மூன்றே ஆங்கில எழுத்துகள்: எம்.ஏ.ஏ. லிஃப்டில் கூட வரும் யாராவது ஒருவர் கேட்டே விடுவார். “ஊர் பேரை மாத்தி எவ்ளோ வருஷம் ஆச்சு, இன்னும் மெட்ராஸா?”

நியாயமான கேள்விதான். மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது 1996-இல். அதன் பிறகு பிறந்தவர்கள் இன்று வேலைக்குப் போய், சொந்தக் காசில் விமான டிக்கெட் எடுக்கிறார்கள். ஆனால் டிக்கெட் ஆப்பில் அவர்கள் பார்ப்பதும் அதே எம்.ஏ.ஏ-தான்.

இந்தக் கோடை மாற்ற வேண்டும் என்ற குரல் சமூக வலைதளங்களில் அவ்வப்போது எழும், அடங்கும். உண்மையில் அது தேவையில்லாத சண்டை. ஏர்போர்ட் கோடு விஷயத்தில் சென்னைவாசி கவலைப்பட வேண்டிய இடம் மீனம்பாக்கம் இல்லை, பரந்தூர். அதற்கு முன்னால் இந்த மூன்றெழுத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

'எம்.ஏ.டி' ஏன் கிடைக்கவில்லை?

விமானப் போக்குவரத்தின் ஆரம்ப நாட்களில் அமெரிக்க விமானிகள், வானிலை நிலையங்களுக்கு ஏற்கெனவே இருந்த இரண்டெழுத்துக் குறியீடுகளையே ஊர்களுக்கும் பயன்படுத்தினார்கள். விமானங்கள் பெருகின, இரண்டெழுத்து போதவில்லை. மூன்றாவது எழுத்து வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் தன் பழைய 'எல்.ஏ' பின்னால் ஒரு 'எக்ஸ்' ஒட்டிக்கொண்டு எல்.ஏ.எக்ஸ் ஆனது. அந்த எக்ஸுக்கு அர்த்தம் எதுவும் இல்லை, காலி இடத்தை நிரப்ப வந்தது.

மூன்று ஆங்கில எழுத்துகளை எப்படி மாற்றிப் போட்டாலும் கிடைப்பது 17,576 கோடுகள்தான். இவற்றை உலகம் முழுவதற்கும் ஒதுக்குவது ஐ.ஏ.டி.ஏ எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம். ஒரு கோடு ஒரே இடத்துக்குத்தான். மெட்ராஸுக்குப் பொருத்தமாகத் தோன்றும் எம்.ஏ.டி, ஸ்பெயினின் மாட்ரிட் கையில் இருக்கிறது. நமக்கு வாய்த்தது எம்.ஏ.ஏ. சேர்த்துப் படித்தால் 'மா' என்று வருவதைப் பார்த்தால், நம்ம ஊருக்கு மோசமான டீல் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வேடிக்கை உண்டு. திருச்சிக்கு டி.ஆர்.இசட், தூத்துக்குடிக்கு பழைய 'டூட்டிகோரின்' வாசனையோடு டி.சி.ஆர், கோவைக்கு சி.ஜே.பி. மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம், அதில் கடைசி எழுத்து மட்டும்தான் மதுரை. முதல் இரண்டும் லே, ராஞ்சி, மங்களூரு, போர்ட் பிளேர் என்று பல இந்திய ஊர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் பொது முன்னொட்டு. கடல் தாண்டினால் நிலைமை தேவலை. 2019-இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட யாழ்ப்பாணத்துக்கு ஜே.ஏ.எஃப், பார்த்தவுடன் புரிகிற கோடு.

பயணிகள் கண்ணில் படாத இன்னொரு கோடும் இருக்கிறது. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்துவது நான்கெழுத்து. சென்னைக்கு அது வி.ஓ.எம்.எம். முதல் இரண்டு எழுத்தும் 'தென்னிந்தியா' என்று சொல்லும். திருச்சி, மதுரை, கோவை எல்லாமே வி.ஓ என்றுதான் தொடங்கும். அந்தக் கோடில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நம் பெட்டியில் தொங்கும் மூன்றெழுத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பேர் மாறும், கோடு மாறாது

ஊர்ப் பெயர் மாறினாலும் கோடை மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? டிக்கெட், பெட்டியை வரிசைப்படுத்தும் எந்திரம், சரக்கு ரசீது, கால அட்டவணை என எல்லாமே இந்த மூன்றெழுத்தை நம்பித்தான் ஓடுகின்றன. டேக்கில் இருக்கும் 10 இலக்க பார்கோடு எந்திரத்துக்கு. கொட்டை எழுத்து, நள்ளிரவில் பெட்டியைத் தூக்கிப் போடுகிற தொழிலாளியின் கண்ணுக்கு. ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும்? மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கர் (டி.கே.ஆர்) போக வேண்டிய ஓர் அமெரிக்கத் தம்பதி, டிக்கெட்டில் டி.ஏ.சி என்று விழுந்துவிட்டதால் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் போய் இறங்கிய கதை 2013-இல் உலகம் சுற்றியது.

அதனால்தான் ஐ.ஏ.டி.ஏ தன் 763-ஆவது தீர்மானத்தில், ஒருமுறை தந்த கோடு நிரந்தரம் என்கிறது. முக்கியமாக விமானப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வலுவான காரணம் இருந்தால்தான் மாற்றம். பீகாரின் கயாவுக்கு ஜி.ஏ.ஒய் என்று கோடு. புனிதத் தலத்துக்கு இது பொருத்தமில்லை, ஒய்.ஏ.ஜி என்று மாற்றுங்கள் என்று நாடாளுமன்றக் குழுவே 2022-இல் சொன்னது. இதே தீர்மானத்தைக் காட்டி ஐ.ஏ.டி.ஏ கைவிரித்தது. ('கே' என்ற சொல்லில் என்ன அவமானம் என்று அந்தக் குழுவை நோக்கி எழுந்த கேள்வி, கோடு மாற்றத்தைவிட முக்கியமானது.) அமெரிக்காவின் சூ சிட்டிக்கு எஸ்.யு.எக்ஸ். 'படுமோசம்' என்று அர்த்தம் வரும் ஆங்கிலச் சொல்போல ஒலிக்கும். மாற்றச் சொல்லிப் பார்த்தார்கள், பிடித்த மாற்று எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அதையே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மும்பை இன்றும் பி.ஓ.எம், கொல்கத்தா இன்றும் சி.சி.யு. ஹோ சி மின் நகரத்துக்கு சைகோனின் எஸ்.ஜி.என். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விமான நிலையத்தில் லெனின்கிராடு எல்.இ.டி என்ற வடிவில் இன்னமும் உயிரோடு இருக்கிறது.

அபூர்வமாக மாற்றிக் காட்டிய ஊர் கஜகஸ்தானின் தலைநகர். சோவியத் காலப் பெயரான செலினோகிராடிலிருந்து வந்த டி.எஸ்.இ என்ற கோடு அதற்கு இருந்தது. 2019-இல் முன்னாள் அதிபர் நூர்சுல்தான் நாசர்பாயேவைக் கௌரவிக்கும் விதமாக அஸ்தானா நகரம் 'நூர்-சுல்தான்' ஆனது. 2020-இல் கோடும் என்.க்யூ.இசட் என்று மாறியது. 2022-இல் ஊர் மறுபடி அஸ்தானா ஆகிவிட்டது. கோடு மட்டும் என்.க்யூ.இசட் ஆகவே நிற்கிறது. பழைய பெயரைத் துரத்தப் போய், இன்னொரு பழைய பெயரில் மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 2019-இல் எம்.ஜி.ஆர் பெயர் வைத்தாயிற்று, ஸ்டேஷன் கோடு இன்றும் எம்.ஏ.எஸ். அடையாறு பக்கம் இருப்பது ஐ.ஐ.டி மெட்ராஸ். சீசனின் தலைமைப் பீடமான மியூசிக் அகாடமி ஆங்கிலத்தில் இன்றும் 'மெட்ராஸ்' பெயரோடுதான் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரை மாற்ற 2016-இல் மக்களவைக்கு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2020-இல் தமிழ்நாடு அரசு மயிலாப்பூர், அடையாறு உட்பட 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை போட்டது. எந்த ஊருக்கு எத்தனை எழுத்து என்று ஆளாளுக்குக் கிண்டலடிக்க, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

சென்னைக்காரர்களுக்குச் சுருக்கெழுத்து புதிதும் இல்லை. சர் பிட்டி தியாகராயர் பெயரில் அமைந்த நகரை 'தி.நகர்' என்று இரண்டே அசையில் முடித்தவர்கள் நாம். அவரை நினைத்துக்கொண்டா யாரும் ரங்கநாதன் தெருவுக்குப் புடவை எடுக்கப் போகிறார்கள்? எம்.ஏ.ஏ-வும் அப்படித்தான். அது பெயர்ப் பலகை இல்லை, பின்கோடு மாதிரி ஒரு விலாசம். அதைப் பார்த்து எந்தப் பயணியும் மெட்ராஸ் மாகாணத்துக்கு டிக்கெட் எடுப்பதில்லை.

சரி, பரந்தூருக்கு என்ன கோடு?

விலாசம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: வீடு மாறினால் விலாசம் யாரோடு போகும்?

2008-இல் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் புது விமான நிலையங்கள் திறந்தபோது பயணிகள் பாடு எளிதாக முடிந்தது. பழையதில் வழக்கமான பயணிகள் விமானங்கள் நின்றன, பி.எல்.ஆர் தேவனஹள்ளிக்குப் போனது, எச்.ஒய்.டி ஷம்சாபாத்துக்குப் போனது. பேகம்பேட்டைக்கு பி.பி.எம் என்று வேறு கோடு. கோவாவில் அப்படி இல்லை. 2023 ஜனவரியில் வடக்கே மோபாவில் புது விமான நிலையம் செயல்பாட்டுக்கு வந்தபோது பழைய தபோலிமும் தொடர்ந்தது. பழையது ஜி.ஓ.ஐ, புதியது ஜி.ஓ.எக்ஸ். கடைசி ஓர் எழுத்தைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்தால், தென் கோவாவில் ரூம் போட்டுவிட்டு வட கோவாவில் இறங்கி, கேப்புக்கு அழ வேண்டியதுதான். நவி மும்பைக்கும் என்.எம்.ஐ என்று தனிக் கோடு.

சென்னை போகப்போவது கோவா வழியில். பரந்தூர் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்தது. 5,000 ஏக்கருக்கு மேல், முழுதாக முடிந்தால் ஆண்டுக்கு 10 கோடி பயணிகள் என்பது திட்டம். மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்கிறார்கள். ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் நிலத்தைத் தர மறுத்து ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். ஊரே போகுமா என்று நிற்பவர்கள் முன்னால் மூன்றெழுத்துப் பிரச்சினை சின்னதுதான். ஆனாலும் விமான நிலையம் வந்துவிட்டால், அதன் பிறகு இந்தக் குழப்பம் தினமும் இருக்கும்.

இன்று தி.நகர்க்காரர் நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் விமான நிலையத்துக்குள்ளேயே போய் இறங்கலாம். அடையாறிலிருந்து அதிகாலையில் கேப் பிடித்தால் அரை மணி நேரம். பரந்தூர் நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. பூந்தமல்லியிலிருந்து அங்கே மெட்ரோவை நீட்டும் யோசனை இன்னும் திட்ட அளவில்தான் இருக்கிறது. ஆப்பில் இரண்டுக்கும் மேலே 'சென்னை' என்று பெரிதாகவும், கோடு மட்டும் ஓரத்தில் பொடி எழுத்திலும் வந்தால், விலை குறைவாக இருப்பதைத் தட்டிவிட்டு, போர்டிங் பாஸ் வந்த பிறகுதான் பலரும் முழிப்பார்கள்.

கோடுகள் விமான நிறுவனங்களின் கோரிக்கையின் பேரில் ஒதுக்கப்படுபவை. பயணிகளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அதனால் குரல் கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுக்கலாம். எம்.ஏ.ஏ மீனம்பாக்கத்திலேயே இருக்கட்டும். பரந்தூருக்கு எம்.ஏ-வில் தொடங்கும் இரட்டைப் பிறவி மாதிரி ஒன்று வேண்டாம், முதல் பார்வையிலேயே வேறாகத் தெரிகிற கோடு வேண்டும். டிக்கெட்டில் கோடுக்கு முன்னால் 'சென்னை – பரந்தூர்', 'சென்னை – மீனம்பாக்கம்' என்று இடத்தின் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் விதி போடலாம். எந்தத் தலைவரின் பெயரைச் சூட்டுவது என்ற விவாதம் எப்படியும் வரும். வரட்டும், அதற்கு முன்னால் இதை முடித்துவிடலாம்.

லண்டனில் எல்.ஓ.என் என்று தேடினால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் எல்லாம் சேர்ந்து வரும். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது மாதிரியான டிக்கெட்டும் அதில் கலந்திருக்கும். நாளை சிங்கப்பூரிலிருந்து நள்ளிரவு 2 மணிக்குப் பரந்தூரில் இறங்கி, காலை 6 மணி மதுரை விமானத்தை மீனம்பாக்கத்தில் பிடிக்க வேண்டிய ஒரு டிக்கெட்டை, மயிலாப்பூர் அம்மா ஒருவருக்கு அவர் மகன் ஆன்லைனில் எடுத்துத் தருவார். ஆப்பைப் பொறுத்தவரை இரண்டுமே சென்னைதான்.