புகை பார்த்துப் பலன் சொல்லுதல்

காருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் வியர்ப்பது நமக்குத்தான்.

போகிக்கு முந்தின சாயங்காலம். பரனூர் சுங்கச்சாவடி. சென்னை மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பி வந்து என் வண்டிக்கு முன்னால் நின்றது. பின் ஸீட்டில் மனைவி, ஆறு வயசு மகள். முன் ஸீட்டில் மாமனார், ரிடையர்ட் ஹெட்மாஸ்டர். பத்து நிமிஷமாக ஏ.ஸி.யில் வெந்நீர்க் காற்று. "கேஸ் தீர்ந்திருக்கும் மாமா" என்று நான் தீர்ப்பு சொல்லி முடிப்பதற்குள் டெம்பரேச்சர் முள் 'ஹெச்'சைத் தொட்டது. பானெட் இடுக்கில் ஆவி.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய இரண்டு வருஷத்தில் அந்த முள் கால்வாசிக்கு மேல் ஏறியதே கிடையாது. "நம்ம வண்டி சூடே ஆகாது ஸார்" என்று காபி வாங்கிக் கொடுத்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்.

ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினேன். துண்டை நனைத்து ரேடியேட்டர் மூடி மேல் போட்டுத் திருகப் போனேன். சினிமாவில் அப்படித்தான் செய்கிறார்கள்.

"யோவ்! கைய எடுய்யா!"

பக்கத்து லாரி டிரைவர். கத்தியதோடு நிற்காமல் இறங்கி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "குக்கர் வெயிட்டைப் புடுங்குவியா நீ?"

அதேதான் சமாச்சாரம். மூடி அழுத்திப் பிடித்திருப்பதால்தான் உள்ளே இருக்கிற கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. திறந்த வினாடியில் அழுத்தம் போய், மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். அப்போதுதான் பார்த்தேன். மகள் எப்போது இறங்கினாள் என்றே தெரியவில்லை. என் இடுப்பை ஒட்டி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகமும் அந்த மூடியும் ஒரே உயரம்.

அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் யாரிடமும் பேசவில்லை.

மாமனார் மட்டும் சும்மா இருக்காமல் சாவியைப் போட்டுப் பார்த்து, "முள் இறங்கிடுத்து மாப்ளே, கிளம்பலாம்" என்றார். லாரிக்காரர் சிரித்தார். தண்ணீர் சுத்தமாகக் காலியானாலும் முள் இறங்குமாம். அதன் சென்ஸார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் உண்மை பேசும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் என்பது அவர் கொடுத்த இலவச இணைப்பு. நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, ஏ.ஸி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்து ஓட்டச் சொன்னார். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். அந்தக் கடனை மாமனார் வேட்டி நுனியால் துடைத்தபடியே ஊர்வரை வந்தார். சாலையில் ஓடும்போது முள் சமர்த்தாக இருந்தது. நின்றால் ஏறியது. இந்த ஒரு வரியில் முழு வியாதியும் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

சென்னை திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்து, சைலன்ஸரில் வந்த மெல்லிய வெள்ளைப் புகையைப் பார்த்த மாத்திரத்தில், "ஹெட் கேஸ்கட் போச்சு ஸார். நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். நாற்பதாயிரம்! வண்டியை விற்றுவிட்டு பஸ் பாஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் போட்டேன்.

மனசு கேட்காமல், மரத்தடியில் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். வயசு அறுபதுக்கு மேல். அவர் புகையை அலட்சியமாகப் பார்த்தார். "இது காலைப் பனி தம்பி. ரெண்டு நிமிஷத்துல போயிரும்." போய்விட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. சைலன்ஸர் குளிர்ந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். எஞ்சின் சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்தால்தான் கூலண்ட் எரிகிறது என்று கவலைப்பட வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங், அல்லது வால்வு ஸீல். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் விரலை வைத்தார். கேஸ்கட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி மாதிரி பிசுபிசுப்பு இருக்குமாம். இல்லை. ரிஸர்வ் டாங்கில் பென்ஸிலால் கோடு போட்டு, "ஒரு வாரம் ட்ராஃபிக் பக்கம் போகாம ஓட்டு. தெனம் காலையில பாரு" என்றார். பி.காம். படித்தவனுக்குப் புரியாதா? பற்று வரவு. கூலண்ட் குறைந்தால் எங்கேயோ செலவாகியிருக்க வேண்டும். ஏழு நாளும் கோடு அசையவில்லை. ஐந்தொகை டாலியானது.

"ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரை ஆத்தும். நிக்கும்போது ஆத்தறது ஃபேன். நிக்கும்போதுதானே சூடாவுது?" ஏ.ஸி.யைப் போடச் சொன்னார். ஃபேன் சுற்றவில்லை. ஹார்ன் ரிலேவைப் பிடுங்கி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகினார். இரண்டும் ஒரே மாதிரி. விர்ரென்று சுற்றியது.

ஆக, ரிப்பேர் செலவு சில நூறு ரூபாய். ஆனால் பாய் என்னை அவ்வளவு லேசில் விடவில்லை. வண்டியில் தெர்மோஸ்டாட்டே இல்லை என்றார். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?" என்று முன்னாள் ஓனர் காலத்தில் எவனோ கழற்றிப் போட்டிருக்கிறான். எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 90 டிகிரி சூடு வேண்டும். அது வராததால் இரண்டு வருஷமாகப் பெட்ரோலை அதிகமாகக் குடித்து, உள்ளே தேய்ந்துகொண்டும் இருந்திருக்கிறது. நான் பீற்றிக்கொண்ட கால்வாசி முள்ளின் லட்சணம் இது.

அன்றைக்கு ஞாயிறு. ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடியிருந்தது. ஃபேன் உண்டு, ஹார்ன் கிடையாது என்ற நிலையில் வீட்டுக்குக் கிளம்பினோம். வடபழனி சிக்னல் தாண்டியதும் மாமனார் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, முப்பத்தைந்து வருஷ ஹெட்மாஸ்டர் குரலில், "யாருப்பா அது நடு ரோட்டுல? ஓரம் போ!" என்றார். இரண்டு ஆட்டோக்கள் ஒதுங்கி வழி விட்டன.