எரிஞ்சதை மாத்துறது ரிப்பேர் இல்லீங்க

முன்னெச்சரிக்கை: பதிவு கொஞ்சம் நீளம். சினிமா இல்ல, அரசியல் இல்ல, கவுஜ இல்ல. சால்டரிங் புகை ஒத்துக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம் :-)

பகல்ல பொட்டி தட்டுறது பொழப்பு, ராத்திரி ஆம்ப்ளிபையர் நோண்டுறது கிறுக்கு. இது எங்க தெருவுக்கே தெரியும். அதனால வந்த வினைதான் இந்தக் கதை.

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில இன்னும் பல்லு கூட விளக்கல, வாசல்ல மொபெட் சத்தம். பின்னாடி கேரியர்ல சாக்கு விரிச்சு, கயிறு போட்டுக் கட்டின ஒரு பெரிய ஆம்பு. எங்க ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணன். கண்ணெல்லாம் சிவந்து, ராத்திரி தூங்காத மூஞ்சி.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருப்பா. மூணு வாரத்துல மூணாவது தடவை போயிருச்சு."

"கடையில குடுக்கலையாண்ணே?"

"ரெண்டு தடவை குடுத்தாச்சு. ரெண்டு தடவையும் டிரான்சிஸ்டர் மாத்திக் குடுத்தாங்க. கடையில நல்லாத்தான் பாடுது. கோயில்ல போட்டா ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டேங்குது. நேத்து போனப்ப ரெண்டு பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கரோட காயிலையும் சேத்து எரிச்சுட்டுப் போயிருச்சு."

கமிட்டிக்காரங்க பாக்கிக் காசை நிறுத்திட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை இன்னொரு ஊர்ல கூழ் ஊத்துறாங்க, அதுக்கு அட்வான்ஸ் வாங்கி செலவும் பண்ணியாச்சு. மனுசன் ஆடி, தை, பங்குனி, கல்யாண சீசன்னு வருசத்துல நாலு தடவைதான் நாலு காசு பாப்பாரு. அதுல ஒரு சீசன் இந்தப் பொட்டிக்குள்ள புகையாப் போய்க்கிட்டு இருந்துச்சு.

மூடியைக் கழட்டினேன். ஃபேன் முழுக்க நூலாம்படையும் எண்ணெய்ப் பிசுக்கும். அது எல்லா ஆம்புலயும் இருக்கறதுதான். வயித்தைக் கலக்கினது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்துல 20 ஆம்பியர். ரெண்டு, ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலேயோட ரெண்டு காலையும் ஒரு தடிமனான ஒயரால இணைச்சுப் பத்த வச்சிருந்தாங்க. அதாவது ரிலே கட் பண்ணாலும் கட் ஆகாது.

"இது எதுக்குண்ணே?"

"போன தடவை ரிலே டிக் டிக்னு கட் ஆயிக்கிட்டே இருந்துச்சுப்பா. ரிலே வீக்கு, டைரக்ட் பண்ணிட்டேன்னு சொன்னாரு."

அந்த ரிலே வீக் இல்ல மக்களே. அந்தப் பொட்டிக்குள்ள உண்மை பேசின ஒரே ஜீவன் அதுதான். "அவுட்புட்ல டிசி வருது, டிசி வருது"ன்னு கத்தியிருக்கு. நம்மாளு அதோட வாயைக் கட்டிட்டாரு.

இங்க கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

இந்த ஆம்புல பவர் சப்ளை பிளஸ் 95, மைனஸ் 95 வோல்ட். ஒரு சேனலுக்கு எட்டு ஜோடி டிரான்சிஸ்டர். ஒழுங்கா வேலை செய்யும்போது ஸ்பீக்கருக்குப் போறது முன்னும் பின்னும் ஆடுற ஏசி. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனா 95 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போயிரும். 8 ஓம் ஸ்பீக்கரோட காயில் டிசிக்கு ஏறக்குறைய 6 ஓம்தான். 95ஐ 95ஆல பெருக்கி 6ஆல வகுங்க. 1500 வாட்ஸ். வீட்டு இஸ்திரிப் பொட்டி 1000 வாட்ஸ். ஒண்ணரை இஸ்திரிப் பொட்டியோட சூடு ஒரு நாலு இஞ்ச் காயில்ல, அதுவும் ஆடாம ஒரே இடத்துல நிக்கிற காயில்ல. சப்ளை கொஞ்சம் தொங்கும்னு வச்சுக்கிட்டாலும் சில வினாடியில புகை. பேப்பர் கோன், மரப் பொட்டி, பக்கத்துல துணிப் பந்தல். மீதியை நீங்களே யோசிச்சுக்கங்க.

அதுக்காகத்தான் அந்த ரிலே. இன்னொண்ணும் சொல்லணும். டிசி ஏசி மாதிரி நொடிக்கு நூறு தடவை சைபரைத் தொடாது. அதனால ரிலே திறந்தாலும் நெருப்புப் பொறி அணையாம அப்படியே நிக்கும். நல்ல டிசைன்ல இதுக்குன்னே ரிலே விடுபடும்போது ஸ்பீக்கர் பக்கத்தைக் கிரவுண்டோட இணைச்சு வச்சிருப்பாங்க. இல்லன்னா டிரையாக் ஒண்ணைப் போட்டு அவுட்புட்டையே ஷார்ட் பண்ணி, ஃப்யூஸைப் பலி குடுத்து ஸ்பீக்கரைக் காப்பாத்துவாங்க. இப்படி யோசிச்சுப் போட்டதை ஒரு ஜாண் ஒயர் காலி பண்ணிருச்சு.

சரி, ஏன் எரிஞ்சது? இந்தக் கேள்வியை மூணு வாரமா யாருமே கேக்கல.

முதல்ல கண்டன்சரைக் காலி பண்ணினேன். ஒரு பக்கத்துக்கு 20,000 மைக்ரோபேரட், 95 வோல்ட். 90 ஜூல் கிட்ட வரும், ரெண்டு பக்கமும் சேந்தா 180. கரண்ட் கம்பியைப் பிடுங்கின பிறகும் இது உள்ளேயே உக்காந்திருக்கும். ரெண்டு முனையையும் சேத்துத் தொட்டா 190 வோல்ட். எங்கிட்ட நுனி உருகின ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருக்கு, ஆரம்ப காலத்துல அதாலதான் ஷார்ட் பண்ணுவேன். இப்பவும் மேசை மேல கண்ணுல படுற மாதிரி வச்சிருக்கேன், புத்தி வரணும்னு. இப்பல்லாம் 220 ஓம், 10 வாட் ஒயர்வௌண்ட் ரெசிஸ்டர் ஒண்ணு, ரெண்டு கிளிப். இந்த அளவு கண்டன்சருக்கு அரை நிமிசத்துல சமத்தா இறங்கிரும். இறங்கினதை மீட்டர்ல பாத்துட்டுத்தான் கை வைக்கணும்.

பதினாறுல அஞ்சு டிரான்சிஸ்டர் ஷார்ட். எமிட்டர் ரெசிஸ்டர் சிலது ஓப்பன், டிரைவரும் போச்சு. எல்லாம் மாத்தினேன். கடைக்காரரு நிறுத்தின இடம் இதுதான். எனக்கு வேலை ஆரம்பிச்ச இடமும் இதுதான்.

கரண்ட்டை நேராக் குடுக்கல. 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை சீரிஸ்ல போட்டுக் குடுத்தேன். (எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது. குண்டு பல்பு எங்கயாவது கிடைச்சா நாலு வாங்கிப் பதுக்கி வைங்க.) பல்பு எரியாதப்ப அதோட இழை 40 ஓம் பக்கம்தான், முழுசா எரியும்போது 529 ஓம். ஆம்பு நல்லா இருந்தா பல்பு ஒரு தடவை மின்னிட்டு மங்கிரும். உள்ள ஷார்ட் இருந்தா பிரகாசமா எரியும், ஆனா டிரான்சிஸ்டர் பிழைச்சுக்கும். முப்பது ரூவா பல்பு மூவாயிரம் ரூவா சாமானைக் காப்பாத்துற வித்தை.

பல்பு மங்கிருச்சு. எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம், அதுல 11 மில்லிவோல்ட். அதாவது ஒவ்வொரு டிரான்சிஸ்டர்லயும் 50 மில்லியாம்ப் சும்மா ஓடுது. இதுக்குப் பேரு பயாஸ். எல்லாம் சரி. கடையிலயும் இதையேதான் பாத்திருப்பாங்க. பத்து நிமிசம் பாட்டுப் போட்டுப் பாத்து, "ஓகேண்ணே, எடுத்துட்டுப் போங்க."

கோயில்ல மட்டும் ஏன் போகுது? கோயில்ல இருக்கறது என்ன, கடையில இல்லாதது என்ன? சூடு!

வீட்டம்மாவோட ஹேர் டிரையரை எடுத்து ஹீட் சிங்க்கைச் சூடாக்கினேன் (அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிப் பதிவு). மீட்டர்ல 11 இருந்தது 15 ஆச்சு. 24. 40. ஹேர் டிரையரை நிறுத்தியும் நிக்கல, ஏறிக்கிட்டே போகுது. பல்பு மெல்ல சிவக்க ஆரம்பிச்சுது. ஸ்விட்சை அணைச்சுட்டேன்.

டிரான்சிஸ்டர் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் 2 மில்லிவோல்ட் கம்மியாக் குடுத்தாலே அதே கரண்ட்டை எடுக்கும். குறைக்காம விட்டா கரண்ட் ஏறும், ஏறினா இன்னும் சூடு, சூடானா இன்னும் கரண்ட். அதைத் தடுக்கறதுக்குன்னே ஒரு சின்ன டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்லயே முடுக்கி வச்சிருப்பாங்க. சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்கிறது அதோட வேலை.

அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைப் பாத்தேன். ஸ்க்ரூ இல்ல. ஹீட் சிங்க்ல இருந்து ஒரு நூல் இடைவெளி விட்டு காத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. முதல் தடவை கழட்டினப்ப மறந்திருக்காங்க. பாவம், அதுக்கு எப்படித் தெரியும் பக்கத்து வீடு பத்தி எரியுதுன்னு?

ரெண்டு ரூவா ஸ்க்ரூ. விரல் நுனி அளவு வெள்ளை கம்பவுண்ட். திரும்ப ஹேர் டிரையர் போட்டேன். 11, 10, 9. அவ்ளோதான் சார் மேட்டரு.

ரிலே ஒயரை வெட்டினேன், சரியான ஃப்யூஸ் போட்டேன். வெள்ளிக்கிழமை கூழ் ஊத்தியாச்சு. அந்த ஆம்பு இன்னிக்கு வரைக்கும் பாடுது. ஆனா ரெண்டு காயில் மாத்தின காசும், கோயில் பாக்கியும் அண்ணனுக்குத் திரும்பி வரல.

இதுல கடைக்கார மெக்கானிக்கைத் திட்டிட்டுப் போறது சுலபம். நான் திட்ட மாட்டேன். ஆடியில அவரு கடை வாசல்ல வரிசையா ஆம்பு கிடக்கு. எல்லாரும் "சாயங்காலம் வேணும்"ங்கிறான். டிரான்சிஸ்டருக்குக் காசு குடுக்கிறோம், யோசிக்கிற ரெண்டு மணி நேரத்துக்கு யாரு குடுக்கிறோம்? "ஸ்க்ரூ போட்டேன், ஆயிரம் ரூவா குடுங்க"ன்னு சொன்னா நாமளே சண்டைக்குப் போவோம். பத்து டிரான்சிஸ்டரைக் கவர்ல போட்டுக் காமிச்சா வாயை மூடிட்டுக் குடுப்போம். நாம எதுக்குக் காசு குடுக்கிறோமோ அதைத்தான் அவரும் செய்வாரு.

கம்பெனிக்காரங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. பெரிய ஆம்பு எல்லாம் ஒரே மாதிரி இல்ல. பழைய க்யூஎஸ்சி ஆம்புகள்ல கலெக்டர் கிரவுண்ட்ல இருக்கும், ஸ்பீக்கர் லைன் பவர் சப்ளை கண்டன்சரோட நடுப்புள்ளியில இருந்து வரும். கிரவுனோட கிரவுண்டட் பிரிட்ஜ் டிசைன்ல பவர் சப்ளையே கிரவுண்டைத் தொடாம மிதக்கும். தெரியாம ஸ்கோப்போட கிரவுண்ட் கிளிப்பை வழக்கமான இடத்துல மாட்டினா படார். இப்ப வர்ற கிளாஸ் டி ஆம்புகள்ல டிரான்ஸ்ஃபார்மர் போய் ஸ்விட்சிங் சப்ளை வந்தாச்சு. 230 வோல்ட்டை நேரா டிசி ஆக்கி 325 வோல்ட் உள்ள நிக்குது. சர்க்யூட் படம் இல்லாம இதுல கை வைக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிணத்துல இறங்கற மாதிரி. ஒரு காலத்துல பல சாமான்களுக்குப் படம் புத்தகத்தோடவே வரும். இப்ப கேட்டா "போர்டையே மாத்துங்க"ங்கிறாங்க. 2022 டிசம்பர்ல நம்ம மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு வலைத்தளம் ஆரம்பிச்சது. விவசாயக் கருவி, மொபைல்-எலக்ட்ரானிக்ஸ், வீட்டுச் சாமான், வண்டின்னு நாலு துறையை வச்சு. கோயில் திருவிழா ஆம்பு வரைக்கும் அது வந்து சேரணும்கிறது என் ஆசை.

அது வர்ற வரைக்கும் நாம செய்யக்கூடியது என்ன? அண்ணன்கிட்ட நான் மூணே மூணு விஷயம் சொன்னேன்.

ஒண்ணு, 8 ஓம் பொட்டி நாலை ஒரே சேனல்ல பேரலல் பண்ணாதீங்க. 2 ஓம் ஆயிரும். 4 ஓம்லயே இந்த ஆம்போட ஒரு சேனல் அதிகபட்சமா 450 வாட்ஸ் சூடு கக்கும். 2 ஓம்ல அது 900. இன்னொரு வேடிக்கை, அந்த உச்ச சூடு வால்யூம் முழுசா வச்சா வராது. முழு பவர்ல நாப்பது சதவீதம் போகும்போதுதான் வரும். "நான் பாதிதான் வச்சேன்"னு சொல்றது சாக்கு ஆகாது.

ரெண்டு, ரிப்பேருக்குக் குடுக்கும்போது "எவ்ளோ ஆகும்"னு மட்டும் கேக்காதீங்க, "ஏன் போச்சு"ன்னு கேளுங்க. பதில் சொல்ற ஆளுக்கு நூறு ரூவா சேத்துக் குடுங்க. "சூடாக்கிப் பாத்தீங்களா"ன்னும் கேளுங்க.

மூணு, என்ன மாத்தினோம், பயாஸ் எவ்ளோ, என்ன தேதின்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்க. அடுத்துத் திறக்கிறவனும் மனுசன்தானே.

அந்த ஆம்புல முதல் சீட்டை நானே எழுதி ஒட்டினேன். கடைசி வரி இது: "ரிலே கட் ஆனா ரிலேயைத் தொடாதே. அது சொல்றதைக் கேள்."

அண்ணன் படிச்சுட்டுச் சிரிச்சாரு. "தம்பி, இது எங்க வீட்டுக்கும் பொருந்தும் போலருக்கே."

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் நேரா மூடியைக் கழட்டாதீங்க சாமி. முதல்ல பல்பு, அப்புறம் ரெசிஸ்டர், அதுக்கப்புறம்தான் கை. உங்க வீட்டு ஹேர் டிரையருக்கும் நான் பொறுப்பில்ல :-)