ஐந்து பக்க விக்கியில் என்ன சோதனை?

"சோதிச்சுப் பாத்தாச்சு, எல்லாம் சரி" என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி: எத்தினை பக்கத்தில சோதிச்சனீங்கள்?

நானும் முந்தி அப்பிடித்தான். லப்டொப்பில் மீடியாவிக்கியை நிறுவி, ஐந்து பக்கம் எழுதி, ஒரு வார்ப்புருவை மாற்றிப் பார்த்தேன். உடனே வேலை செய்தது. எனக்குச் சரியான சந்தோசம். ஆனால் நான் சோதித்தது விக்கியை இல்லை, அதின்ர வெறும் கூட்டைத்தான்.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுங்கோ. 2003இல் தொடங்கியது, இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அங்கே பரவலாகப் பயன்படும் ஒரு வார்ப்புருவைத் தொட்டால், அதைப் பாவிக்கும் எல்லாப் பக்கங்களும் புதுப்பிக்கப்பட வேண்டும். மீடியாவிக்கி அந்த வேலைகளை வரிசையில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும். அந்த வரிசை எவ்வளவு நீளும், சேர்வர் எங்கே திணறும் என்று ஐந்து பக்கம் சொல்லாது.

எழுத்தும் அப்படித்தான். பக்கத் தலைப்புக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க' 3 பைட், 'கி' 6 பைட். ஆங்கிலத்தில் தலைப்பு வைத்துச் சோதிக்கிற ஆளுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது. யுனிகோட் வரிசையில் 'ன' வருவது 'ந'வுக்கு அடுத்ததாக; எங்கட நெடுங்கணக்கில் அது கடைசி மெய். பகுப்புகளின் அகரவரிசை பிழைக்குதா என்று பார்க்க உண்மையான தமிழ்த் தலைப்புகள் வேணும்.

அதுக்கு வழி இருக்கு. விக்கிமீடியா தன் விக்கிகளின் உள்ளடக்கத்தை டம்ப் கோப்புகளாக இலவசமாகத் தருகிறது. அதை இறக்கி ஏற்றுங்கோ. மீடியாவிக்கியின் பதிப்பும் நீட்சிகளும் நிஜ விக்கியில் உள்ளவையாகவே இருக்கட்டும். லுவா நிரல்களை இயக்கும் ஸ்கிரிபன்டோ இல்லாவிட்டால் தகவற்பெட்டிகள் சிதறிப்போகும். முழுவதையும் ஏற்ற இடமில்லையா? அதிகம் பயன்படும் வார்ப்புருக்களையும், மிக நீளமான, மிகச் சிக்கலான பக்கங்களையும் முதலில் எடுங்கோ. வடிவான பக்கங்களை மட்டும் பொறுக்க வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். அந்த டம்பில் கடவுச்சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இல்லை. ஆனால் உங்கட சொந்த விக்கியின் தரவுத்தளத்தை அப்படியே பிரதி எடுத்தால் இரண்டும் கூட வரும். முதலில் அவற்றை அழியுங்கோ. மின்னஞ்சல் அனுப்பும் வசதியை நிறுத்துங்கோ. இல்லாவிட்டால் நீங்கள் சோதனைக்குச் செய்த ஒரு தொகுப்புக்காக ஆருக்கோ உண்மையான அறிவித்தல் போய்ச் சேரும்.

"நாங்கள் தன்னார்வலர்கள், இதுக்கெல்லாம் நேரம் எங்க?" என்று கேட்கலாம். விக்கி உடைந்தால் இரவிரவாக இருந்து திருத்தப் போறவரும் தன்னார்வலர்தான். அவரின்ர நேரத்தையும் கணக்கில் எடுங்கோ.