சேலாப் படை: ஆள்சேர்ப்பின் வழியே ஒரு வாசிப்பு

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் படை வரலாறு பேசப்படும் இடங்களிலெல்லாம் திப்பு சுல்தானின் ராக்கெட்டுகளே முதலில் வந்து நிற்கின்றன. கருவியைப் பற்றிப் பேசுவது எளிது. அதற்கு ஊரும் உறவும் கிடையாது. அதே தீவில் ஹைதர் அலியால் தொடங்கப்பட்டுத் திப்புவால் விரிவாக்கப்பட்ட சேலாப் படையோ ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிக் கிடக்கிறது. ஒரு தனிப்படையை அதன் சாகசங்களைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குள் ஆள் எப்படி வந்தான், வந்தவனுக்கு விலகிச் செல்லும் வழி இருந்ததா என்ற இரு கேள்விகளுமே அதன் இயல்பைக் கூடுதலாகச் சொல்பவை. சேலாப் படையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

தொடக்கம் 1779. சித்ரதுர்க்கத்தின் மதகரி நாயகனை ஹைதர் வீழ்த்திய ஆண்டு அது. அந்நாயகனின் பலம் பேடர் குடியினர். தலைவனுக்காக உயிரைப் பொருட்படுத்தாதவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20,000 பேர் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவில் குடியேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் இருந்த சிறுவர்களைக் கொண்டே முதல் சேலாப் படையணிகள் அமைக்கப்பட்டன என்றும் மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். ஹைதரின் கணக்கு புரிந்துகொள்ளக் கூடியதே. பாளையக்காரர் படைகளில் வீரனின் விசுவாசம் தன் குலத் தலைவனிடம் நின்றுவிடும், அரசனை வந்தடையாது. தலைவனையும் குலத்தையும் பெற்றோரையும் நீக்கிவிட்டால் எஞ்சும் சிறுவனுக்கு அரசன் ஒருவனே உறவு. ஒட்டோமானியரின் ஜானிசரிப் படையும் இதே தருக்கத்தில் எழுந்ததே. விசுவாசத்திற்குப் பெயர்போன குடியிடமிருந்து, அந்த விசுவாசத்தை வளர்த்த சூழலை அறுத்துவிட்டு, விசுவாசத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை இதில் அடங்கியிருக்கிறது.

இடமும் இதற்குத் துணைநின்றது. காவிரி இருபுறமும் சூழ்ந்த தீவு, அதன் மேற்கு முனையில் கோட்டை. தீவின் கஞ்சாம் புறநகரை நிரப்பச் சிராவிலிருந்து 12,000 குடும்பங்களைத் திப்பு பெயர்த்துக் கொண்டுவந்தார் என்று பிற்கால விவரத் தொகுப்புகள் கூறுகின்றன. தலைநகரத்தின் மக்கள்தொகையே ஆணையால் கூட்டப்பட்ட ஒன்றாக இருந்த நிலையில், படைக்கு ஆள் சேர்ப்பதும் குடியேற்றுவதும் ஒரே நிர்வாகச் செயலின் இரு முகங்களாயின.

'சேலா' என்ற சொல்லையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். வட இந்திய மொழிகளில் அது சீடனைக் குறிக்கும். அக்பர் தம் அடிமைகளை அடிமை என்று அழைக்க விரும்பாமல் சேலா என்று பெயரிட்டதை அயினி அக்பரி குறிக்கிறது. குருவைத் தேடிச் செல்பவன் சீடன். தேடிப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவனுக்கு அப்பெயரை இடும்போது, நிகழாத ஒரு விருப்பத்தைச் சொல் நிகழ்ந்ததாகக் காட்டிவிடுகிறது. திப்புவின் காலத்தில் வழங்கிய 'அஹ்மதி', 'அஸத் இலாஹி' ஆகிய பெயர்கள் இன்னும் ஒரு படி மேலே ஏற்றி, பணியைச் சமயப் பெருமையாக்கின. 1784இல் கொண்டுவரப்பட்ட மங்களூர்க் கத்தோலிக்கர்களும், அதை அடுத்த ஆண்டுகளில் சிறைப்பிடிக்கப்பட்ட குடகர்களும் இப்பெயர்களின் கீழ் வந்தவர்களே.

சேலா நிலை சிலருக்கு உயர்வையும் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலபாரிலிருந்து சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட நாயர் இளைஞன் ஷேக் அயாஸ், ஹைதரின் அன்புக்குரியவனாகிப் பெத்னூரின் ஆளுநர் பதவி வரை சென்றான். ஆனால் 1782 டிசம்பரில் ஹைதர் இறந்ததும் அவன் நிலை என்னவாயிற்று? திப்புவுக்கு அவன்மேல் பழைய வெறுப்பு. தன் உயிருக்கு அஞ்சிய அயாஸ், 1783 தொடக்கத்தில் பெத்னூரை ஆங்கிலத் தளபதி மேத்யூஸிடம் ஒப்படைத்தான். இதைத் துரோகம் என்று எழுதிச் செல்வது வழக்கம். ஒரே ஒருவரின் அன்பில் மட்டும் ஊன்றப்பட்ட விசுவாசம் அந்த ஒருவரோடு முடிந்துபோயிற்று என்பதே பொருத்தமான விளக்கம்.

1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவு கார்ன்வாலிஸின் படை காவிரிக்கு வடக்கே இருந்த திப்புவின் முகாமைத் தாக்கியது. அந்தக் குழப்பத்தில் அஹ்மதிப் படையில் இருந்த குடகர்கள் ஆயிரக்கணக்கில், குடும்பங்களோடு, குடகை நோக்கி நடந்துவிட்டார்கள். பல ஆண்டுப் பயிற்சி, புதிய பெயர், புதிய சமயம், தீவு, கோட்டை எல்லாம் இருந்தன. சிறையிலிருந்து 1788இல் தப்பிய வீரராஜேந்திரன் குடகில் மீண்டும் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தான் என்பதும் இருந்தது. போவதற்கு ஓர் ஊர் இருந்தவர்கள் போனார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: இவையெல்லாம் ஆங்கிலேயர் கட்டிய கதைகள் என்பது. வில்க்ஸ் மைசூரில் ரெசிடெண்டாக இருந்தவர். திப்புவைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் அவர் தரப்புக்கு ஆதாயம் இருந்தது உண்மை. ஆயின் மைசூர் அரசர் இருவரிடமும் பணியாற்றிப் பாரசீகத்தில் வரலாறு எழுதிய கிர்மானியும் குடகர் சிறைப்பிடிப்பையும் அஹ்மதி என்ற பெயரீட்டையும் பதிவு செய்கிறார், அதுவும் பெருமையோடு. அவர் தரும் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். பகைவரும் பணியாளரும் ஒருங்கே சொல்லும் செய்தியைக் கட்டுக்கதை என்று தள்ள இயலாது. அதேபோல இச்செய்தியை எடுத்துத் திப்புவைத் தூற்றும் இன்றைய மேடைகளுக்கும் அந்தச் சிறுவர்கள்மேல் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தரப்புக்கு அவர்கள் இடையூறு, மறுதரப்புக்கு ஆயுதம்.

முற்றுகையிட்ட பக்கம் மட்டும் விருப்பத்தின் பேரில் இயங்கியதா? 1799 மே 4 அன்று கோட்டைச் சுவரின் உடைப்பில் முதலில் ஏறிய இரு சிறு அணிகளும் தன்விருப்பத் தொண்டர்களால் ஆனவை; ஒவ்வொன்றிலும் ஒரு சார்ஜண்டும் 12 பேரும். ஆங்கிலத்தில் இத்தகைய அணிக்கு 'ஃபோர்லார்ன் ஹோப்' என்று பெயர். நம்பிக்கை என்ற பொருளில் இன்று வாசிக்கப்படும் அச்சொல், டச்சு மொழியின் 'வெர்லோரன் ஹோப்', அதாவது 'இழக்கப்பட்ட கூட்டம்' என்பதன் திரிபு. பதவி உயர்வின் ஆசை அந்த விருப்பத்திற்குள் கலந்திருந்தது. எனினும் முன்வராதிருக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. இன்றைய சிறப்புப் படைகள் இந்த உரிமையை நெறியாகவே ஆக்கிக்கொண்டன. 2011இல் இரு பழைய அணிகளை இணைத்து ஸ்வீடன் உருவாக்கிய எஸ்.ஓ.ஜி. என்னும் சிறப்பு நடவடிக்கைக் குழுவாகட்டும், இந்தியாவின் பாரா சிறப்புப் படையாகட்டும், விண்ணப்பித்து வருபவரையே சோதிக்கின்றன. கடுமையான தேர்வில் பெரும்பாலோர் வெளியேறுவது அத்தேர்வின் குறை ஆகாது. வெளியேற முடிவதால்தான் எஞ்சியவரின் விருப்பத்திற்கு மதிப்பு.

தமிழர் அறிந்த பழைய எடுத்துக்காட்டு வேளைக்காரர். சூளுரைத்துச் சேர்ந்த இப்படையினர், இலங்கையில் முதலாம் விஜயபாகு தங்களைச் சோழருக்கு எதிராக ஏவியபோது கிளர்ந்தெழுந்தனர், அடக்கவும் பட்டனர். பின்னர் பொலன்னறுவையில் புத்தரின் தந்தச் சின்னம் வைக்கப்பட்ட ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்று அவர்கள் தமிழில் பொறித்த கல்வெட்டில் வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனத் தம் பிரிவுகளைத் தாமே பெயர் சொல்லி அறிவிக்கின்றனர். உடன்படிக்கையில் ஒரு தரப்பாக நிற்பவரின் மொழி அது.

சேலாக்கள் இப்படி ஒரு கல்லையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களுள் ஐரோப்பியச் சிறுவர்களாக இருந்து தப்பிய சிலரின் நினைவுக் குறிப்புகள் மட்டும் அச்சேறின. பத்தாண்டுச் சிறைக்குப் பின் ஊர் திரும்பிய ஜேம்ஸ் ஸ்கர்ரிக்குத் தாய்மொழியான ஆங்கிலமே தடுமாறியது என்ற செய்தி 1824இல் வெளியான அவரது நூலில் இருக்கிறது. கன்னடமும் கொங்கணியும் கொடவமும் பேசியவர்களின் தடம் வேறிடத்தில் தேடப்பட வேண்டும். திப்பு காலத்தில் மதம் மாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று கருதப்படும் கொடவ மாப்பிள்ளைகள் இன்றும் குடகில் வாழ்கின்றனர். இஸ்லாமியப் பெயர்களுக்கு முன்னே அவர்கள் தங்கள் பழைய கொடவக் குடும்பப் பெயரை வைத்திருக்கின்றனர். வீட்டில் கொடவமே பேசுகின்றனர்.